சதை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்

என் மகள் யாழினிக்கு நோய் வந்த முதல் வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காலையில் எழுந்தால் அவள் கன்னம் உப்பியிருக்கும். கண் இமை இரண்டும் தடித்து, கண் சிறுத்துத் தெரியும். அப்போது அவளுக்கு மூன்று வயது. சோறு ஊட்டுவது நான். பிள்ளை சதை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு லுக்குட் டவுனுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. தோட்டத்தின் ஒரு பகுதியை செண்டாயான் பக்கத்தில் புது வீடுகள் கட்டும் திட்டத்துக்காக விற்றுவிட்டார்கள். குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வேலை வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. மனைவி கோமதிக்கு செனாவாங்கில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அவளுக்கு லீவு இருக்கும் நாளில்தான் நான் லோரி எடுப்பேன். மற்ற நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் நான்தான்.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. அதை வைத்து எனக்கு ‘ஆயா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போனால், “என்ன ஆயா, பிள்ள சாப்பிட்டுச்சா?” என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு வீம்பு இருந்தது. இந்தப் பிள்ளையைக் கொழுகொழுவென்று வளர்த்துக் காட்டுகிறேன் பார் என்ற வீம்பு.

அந்த வீம்புதான் என் கண்ணை மறைத்தது. காலையில் டயப்பர் நனையாமல் இருந்தபோது, அடக்கப் பழகிவிட்டாள் என்று கோமதியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். பகலில் அவள் உட்காரும் பிளாஸ்டிக் சட்டியில் மூத்திரம் நுரைத்து நின்றது. சோப்பு சரியாகப் போகவில்லை என்று நினைத்து இன்னும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் சட்டியைக் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

நானும் போனேன், தாமதமாகத்தான். முதலில் பார்த்த டாக்டர், “அலர்ஜிலா, ரெண்டு நாள்ல சரியாயிடும்,” என்று சொட்டு மருந்து கொடுத்தார். நான்கு நாள் கழித்து, ஜட்டியின் எலாஸ்டிக் வயிற்றில் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்திருப்பதைப் பார்த்தேன். அன்று கோமதிக்குப் போன் போட்டு வரவழைத்து, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர், நம் தமிழ் ஆள். யாழினியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். மாவில் அழுத்தியது போல அந்தக் குழி அப்படியே நின்றது.

“அம்மா, எப்பத்திலேர்ந்து வீங்குது?”

கோமதி என்னைப் பார்த்தாள். நான் பதில் சொன்னேன்.

“அம்மா, ஒரு நாளைக்கு எத்தன தடவ மூத்திரம் போறா?”

மறுபடியும் நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி, “நீங்க கொஞ்சம் இருங்க. அம்மா சொல்லட்டும்,” என்றார்.

“எனக்குத் தெரியாது டாக்டர். அவருதான் பாத்துக்கிறாரு,” என்றாள் கோமதி, தலையைக் குனிந்துகொண்டு. டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும் நோய், புரதம் குறைவதால் நீர் தசையில் தேங்கி உடம்பு வீங்கும்). பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரக்கூடும் என்றார் டாக்டர். முதல் பாதி என் காதில் ஏறவேயில்லை. நான் பெருமைப்பட்ட அந்தக் கன்னம் வெறும் தண்ணீர். அதை முத்தம் கொடுத்துக் கொஞ்சியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த வார்டில் பெண்கள் மட்டும்தான் பிள்ளையோடு தங்கலாம். மற்றத் தாய்மார்களும் படுக்கிற இடம், விதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பார்வை நேரம் முடிந்து வெளியே அனுப்பியதும் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காவலர் போகச் சொன்ன பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவிய துணியையே மறுபடி கழுவினேன்.

காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். கோமதியின் சட்டை முழுக்க மருந்து சிந்தியிருந்தது.

“மூணு தடவ துப்பிட்டா. நீங்க எப்படிக் குடுப்பீங்க?”

“மொதல்ல பொம்மைக்குக் குடுக்கணும். அப்புறந்தான் அவ குடிப்பா.”

“என் வயித்துல பொறந்தவ. எனக்கு இதுகூடத் தெரியல,” என்று அழுதாள்.

மருந்து பிரெட்னிசோலோன் (சிறுநீரகத்தைத் தாக்கும் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு). இரண்டாம் வாரத்தில் வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால் பிள்ளை வெறும் எலும்பு. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டப்பா நிறையச் சோதனைப் பட்டைகளைக் கொடுத்தார்கள் (காலை முதல் சிறுநீரில் நனைத்தால், புரதம் இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும், இருந்தால் பச்சையாகும்). நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று, நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டீராய்டு பிள்ளையை ஆட்டிவைத்தது. ஓயாத பசி, ஓயாத கோபம். முகமும் உருண்டு போனது. இந்த முறை அது மருந்தால் வந்த சதை. எது நோய், எது மருந்து, எது என் பிள்ளை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் தவித்தேன்.

அந்தச் சமயத்தில் கோமதியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். “ஆம்பள கையில பிள்ளய விட்டா இப்படித்தான் மாப்புள்ள. இன்னொரு தடவ வந்துச்சுன்னா தங்கச்சி வேலய விட்டுரட்டும். நீங்க லோரிய முழுநேரமா ஓட்டுங்க,” என்றார். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. அவள் மௌனம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அடுத்த மாதம் யாழினிக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் காலை பட்டை பச்சையானது. இன்னொன்றை எடுத்து நனைத்தேன். அதுவும் பச்சை. நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். மறுநாளும் பச்சை, மறுநாளும் ‘இல்லை’. பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற ஒரே நினைப்பு. பிள்ளையின் சிறுநீரகம் என் நினைப்பில் இரண்டாவதாகப் போய்விட்டது. இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

அதற்கடுத்த நாள் இன்னும் கரும்பச்சை. கோமதி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பட்டையை அவளிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை. கைப்பையை இறக்கி வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள்.

“பொய் எழுதுனது எங்கண்ணனுக்குப் பயந்தா, எனக்குப் பயந்தா?”

“ரெண்டு பேருக்கும்.”

“பிள்ளைய நெனச்சுல்ல பயந்திருக்கணும்,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோட்டை வாங்கி, நான் எழுதியதை அடித்துத் திருத்தினார். மூன்று நாள் தொடர்ந்து பச்சை வந்தால்தான் மருந்தைக் கூட்டுவோம், அதனால் பெரிய கெடுதல் இல்லை என்றார். “ஆனா எனக்குக் கண்ணே இந்த நோட்டுதான். அதுல மண்ணத் தூவாதீங்க,” என்றார். அப்படியொரு சொல்லை வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே கோமதி அண்ணனுக்குப் போன் செய்தாள். “வேலய விடலண்ணே. பிள்ள அவருகிட்டதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னிடம், தன் லீவு நாளில் பட்டையைத் தான்தான் பார்ப்பேன் என்றாள். அந்த நாட்களில் நான் எட்டிப் பார்க்காமல் லோரிக்குப் போக வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மாளாது.

இரண்டாம் முறையும் மருந்து கேட்டது. மெல்ல மெல்ல அளவைக் குறைத்து, சென்ற மாதம் நிறுத்தினார்கள். மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை. நாளைக் காலை வரைக்கும்தான் என் கணக்கு.

போன வாரம் பாலர் பள்ளிக்குச் சப்பாத்து போட்டுவிட்டேன். கால் நுழையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அன்று காலை பட்டை மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து கணுக்காலை அழுத்தினேன், முழங்காலுக்குக் கீழே அழுத்தினேன். குழி விழவில்லை. அன்று வேலை விட்டு வந்ததும் கோமதி எங்கள் இருவரையும் லுக்குட்டில் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைக்கார பாய் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன தம்பி தேடுறீங்க? பிள்ள வளந்திருக்குலா.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கோமதி என் தோளில் கை வைத்தாள். பாய் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று சரியாக இருந்தது. மற்றது ஒரு சைஸ் பெரிது, அடுத்த வருஷமும் போடலாம் என்றார். கோமதி என் முகத்தைப் பார்த்தாள்.

“பெரிசையே குடுங்க பாய்,” என்றேன்.

யாழினிக்கு மாட்டிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போக இடம் இருந்தது.