ஒரே போத்தல், இரண்டு முடிவுகள்

கிருமியைக் கொல்ல மருந்து போதும்; அது செத்துவிட்டது என்று கையெழுத்துப் போடுவதற்குத்தான் எங்களைப் போன்ற ஆய்வுகூடத்துக்காரர்கள் வேண்டும். ஒரே அளவில் உப்புப் போட்டும் நேற்றுப் போல் இன்று குழம்பு வராமல் தவித்தவர்களுக்கு எங்கள் கஷ்டம் புரியும்.

திங்களும் வியாழனும்

ஹட்டனில் கடைகளுக்கு மேல் மாடியில் எங்கள் ஆய்வுகூடம். சோதிப்பது நானும் மேரியும். டிக்கோயாவில் தரை துடைக்கும் கிருமிநாசினி தயாரிக்கும் செல்வராஜ் ஒரு போத்தல் கொண்டுவந்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களுக்குக் கொடுக்க எங்கள் சான்றிதழ் வேண்டுமாம். திங்கட்கிழமை நான் சோதித்தேன்; பத்து நிமிடத்தில் ஒரு கிருமியும் மிஞ்சவில்லை. வியாழக்கிழமை அதே போத்தலை மேரி சோதித்தாள். கிருமி வளர்க்கும் தட்டு நிறைய முளைத்திருந்தது. இரண்டு முடிவுத் தாள்களையும் செல்வராஜ் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ், மருந்த மாத்தணுமா, ஆள மாத்தணுமா?"

மேசையின் குளிர்

தலவாக்கலையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் மேரி, வந்ததும் சோதனையைத் தொடங்கிவிடுவாள். நான் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. மேசையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். பனிமூட்டக் காலைக்கும் வெயில் விழும் பகலுக்கும் பெரிய வித்தியாசம். குளிரில் மருந்து மெதுவாக வேலை செய்யும். அன்றிலிருந்து குழாய்களை ஒரே சூட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம்.

"காலையில எனக்கே கை வெறச்சுப் போகுது, நான் மருந்தக் குறை சொல்லிட்டேன்" என்றாள் மேரி.

நிற்காத மருந்து

அப்படியும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து நான் செய்வதை மேரி எழுதிக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனதும், மருந்தின் வேகத்தை நிறுத்தும் திரவத்தில் கலந்துதான் அவள் தட்டில் இடுவாள். நான் நேராகத் தட்டில் இட்டேன். அந்தத் திரவம் ஒருமுறை தீர்ந்துபோனபோது தொடங்கிய பழக்கம். சொட்டோடு போன மருந்து, தட்டிலும் கிருமியைக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறது.

என் 'ஒன்றும் மிஞ்சவில்லை' தப்பு. நான் கையெழுத்திட்ட பழைய தாள்கள் கண்ணில் ஓடின. மேலாளரிடம் சொல்லி எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க எடுத்தேன். செல்வராஜின் மருந்து, இருவர் கையிலும் ஐந்து தடவையும் தோற்றது. இரண்டு மடங்கு மருந்து கலந்தபோது ஐந்து தடவையும் ஜெயித்தது. லேபிளில் அளவை மாற்ற அவரும் ஒத்துக்கொண்டார்.

மேரி கோபிக்கவில்லை. "மருந்து ராத்திரி முழுக்கச் செஞ்ச வேலைய, பத்து நிமிஷத்துல செஞ்சதா எழுதிட்டீங்களேக்கா."

வாளித் தண்ணீர்

புதிய லேபிளோடு ஒரு பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பார்வதி ஒரே வாளியில் முழுத் தரையையும் துடைத்தார். கடைசி மூலைக்கு வரும்போது தண்ணீர் அழுக்கேறிச் சாயம் போல் இருந்தது. அதை எடுத்து வந்து சோதித்தால், மருந்தில் பாதி பலம்கூட இல்லை; அழுக்கு அதைத் தின்றிருந்தது. அதன் பிறகு சோதனையில் அழுக்கையும் சேர்க்கத் தொடங்கினோம். பார்வதியிடம் நடந்ததைச் சொல்லி, பாதியில் தண்ணீரை மாற்றச் சொன்னேன்.

"மாத்துறேங்க. ஆனா நீங்க சுத்தமான தண்ணியில பாத்துட்டு எங்களுக்குச் சரின்னு எப்படிங்க எழுதுனீங்க?"

மருந்தைச் சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் வேலையில் பாதி நேரம் என்னைச் சந்தேகப்படுவதிலேயே போய்விடுகிறது.