மதினியைத் தூக்கிய டிராக்டர்

எங்கள் டிராக்டருக்கும் என் கணவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டில் எது அதிகம் முரண்டு பிடிக்கும் என்று கேட்டால், கேட்கிற நாளைப் பொறுத்துப் பதில் சொல்வேன். மாமனார் யாரிடமோ பழசாக வாங்கியது. சிவப்புப் பெயிண்ட் வெளுத்துக் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் வன்னியம்பட்டியில் எங்களுக்கு இருக்கிற மூன்று ஏக்கரை இன்றைக்கும் அதுதான் உழுகிறது. கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆகவே விவசாயம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

போன புரட்டாசியில் மக்காச்சோளத்துக்கு உழவு ஓட்டும்போது வந்தது வினை. டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. லீவரைத் தள்ளினால் உள்ளே இருக்கிற பம்பு ஆயிலை அழுத்தும், கைகள் மேலே எழும். எல்லோரும் அதை லிஃப்ட் என்பார்கள். அன்று காலையில் ஒழுங்காகத்தான் தூக்கியது. வெயில் ஏற ஏற, கலப்பை விக்கல் எடுத்த மாதிரி தலையாட்டத் தொடங்கியது. ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். பத்து மணிக்கு மேல் அரை அடிக்குமேல் தூக்கவே மாட்டேன் என்றது.

அந்த அரை அடி போதும் என்று நினைத்துக் கணவர் வீட்டுக்குக் கிளம்பினார். ஊர்ப் பாதைக்கு வந்ததும் கலப்பை நைசாகக் கீழே இறங்கிவிட்டது. இன்ஜின் சத்தத்தில் அவருக்குத் தெரியவில்லை. புதிதாகச் சரள் அடித்திருந்த பாதையில் டீக்கடை வரைக்கும் ஒன்பது கோடுகள் அழகாக விழுந்திருந்தன. டீக்கடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து கேட்டார்.

"என்ன மாப்ள, ரோட்டுல என்ன விதைக்கப் போறீரு?"

சாயங்காலம் முழுக்க மண்வெட்டியோடு பாதையை நிரவினோம். ஒன்பது கொழுக்களில் கல்லில் மாட்டி வளைந்துபோன இரண்டை நிமிர்த்துவதற்காக, கலப்பை பக்கத்து ஊரான கிருஷ்ணன்கோவிலில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனது.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றேன்.

"மில்லுல நான் எம்புட்டு மிஷினப் பாத்துருக்கேன். இது எனக்கு ஒரு விசயமா?" என்றார். பிறகு போனை எடுத்தார். யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி டிராக்டரைப் பிரித்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீஷை நான் தமிழாக்கினேன்.

"பி.டி.ஓ. என்கேஜ் ஆயிருக்கான்னு மொதல்ல பாக்கச் சொல்லுதாரு."

"என்கேஜ்னா? போனு மாதிரியா?"

"பின்னால சுத்துற தண்டுக்கு ஒரு லீவர் இருக்குல்ல, அது போட்டிருக்கான்னு அர்த்தம். அதப் போட்டாத்தான் பம்பே ஓடுமாம்."

போட்டுத்தான் இருந்தது. கோளாறு அத்தனை சுலபமாக முடியாததில் அவருக்கு ஒரு சந்தோஷம். அடுத்து ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். ஆயில் டீ நிறத்தில் இருந்தது. கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கலந்திருக்கிறது. உடனே அடியில் இருந்த திருகைக் கழற்றினார். இரண்டு வாளி நிறைந்தும் ஆயில் நிற்கவில்லை.

"ஏட்டி, ஏதாச்சும் ஏனம் கொண்டா! சீக்கிரம்!"

நான் உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த பெரிய இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். வடிந்து முடிந்த பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அது மதினியின் சட்டி. மதினி என்றால் என் கணவரின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர். எங்கள் வீட்டு விசேஷத்துக்காகக் கொடுத்துவிட்டிருந்த சட்டி அது. அதில் பாதி சுண்டிய பால் போலவே ஆயில் நின்றது.

புது ஆயில் ஊற்றினோம். லிஃப்ட் நன்றாகவே தூக்கியது. ஆனால் விக்கல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்கைக் கூப்பிடுவது தன்னுடைய யோசனை என்பது போல அவரே கூப்பிட்டார்.

ராஜபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒல்லியான ஆள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில், தெலுங்கில் 'ஆமாம்' என்பதற்கான 'அவுனு' என்ற ஒன்றோடு முடித்துக்கொள்வார். வண்டியைத் தொடாமலே கேட்டார்.

"தூக்குதா?"

"தூக்குது."

"தூக்குனது நிக்குதா?"

"நிக்கல. தலையாட்டுது."

"இன்ஜின ஆஃப் பண்ணா?"

கணவர் தலையைச் சொறிந்தார். அதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"பாத்துருவோம். வெயிட்டு வேணும்" என்றார் மெக்கானிக்.

கலப்பையோ பட்டறையில் கிடந்தது. இரண்டு கைகளையும் கீழே இறக்கி, குறுக்கே ஒரு பலகையை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். இன்ஜினை ஓடவிட்டு, மெக்கானிக் லீவர் பக்கத்தில் நின்றுகொண்டார். பலகையில் வைக்க உர மூட்டை எடுக்கக் கணவர் திரும்பிய நேரத்தில், வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மதினி இறங்கினார்.

"எங்கலே என் சட்டி? தீவாளி ஆர்டர் குமிஞ்சு கெடக்கு."

கணவர் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். மெக்கானிக் டிராக்டரைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் இருந்த சட்டியை மதினியே பார்த்துவிட்டார்.

"அடப் பாவிகளா! இதுல என்னத்தலே கிண்டி வச்சிருக்கிய?"

மனம் விட்டுப்போனவர் போல, பக்கத்தில் இருந்த பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். மதினி நல்ல வாட்டசாட்டமான ஆள். மெக்கானிக் ஒரு நொடி அவரையும் பலகையையும் பார்த்தார். பிறகு லீவரைத் தள்ளினார்.

மதினியின் கால்கள் தரையை விட்டு எழுந்தன. அவர் திட்டுவதை நிறுத்தவில்லை.

"பால் காய்ச்சுத சட்டியில... எலே... கண்ட ஆயில ஊத்தி... எலே, என்னலே பண்ணுதிய!"

இடுப்பளவுக்குப் போனதும் விக்கல் தொடங்கியது. மதினி ஏறி இறங்கி ஏறினார். குரலும் கூடவே ஏறி இறங்கியது.

"அக்கா, செத்த நேரம் அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இன்ஜினை நிறுத்தினார். போனில் நேரம் பார்த்தார். திடீரென்று வந்த அமைதியில், பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு கம்பீரத்தோடு மதினி மெல்ல மெல்லக் கீழே வந்தார். தேர் நிலைக்கு வருவது போல இருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"ரெண்டு நிமிசம் நிக்கல. ரிங்கு போச்சு" என்றார் மெக்கானிக்.

"எது போச்சு?" என்று மதினி பதறினார்.

"உள்ள ஒரு ரப்பர் ரிங்குக்கா. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

பிறகு எங்களுக்கு விளக்கினார். "பம்பு நல்லாருக்கு. ஆயில் மாத்துனதும் சரிதான். தூக்குத பிஸ்டன்ல ரிங்கு தேஞ்சு ஆயில் கசியுது. கசிஞ்சா கை இறங்கும், இறங்குனா பம்பு மறுபடி தூக்கும். அதான் தலையாட்டுது." இதில் 'ஆயில் மாத்துனதும் சரிதான்' என்பது மட்டும் கணவர் காதில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க மில்லில் அதையே சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு சீட்டைக் கழற்றி, அதன் அடியில் இருந்த கனத்த மூடியை வேப்பமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். பழைய ரிங் மெக்கானிக் கைபட்டதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. துருவைத் தேய்த்தெடுத்து, புது ரிங்கைப் போட்டு, மூடியை இறக்கி முடுக்கினார்கள்.

"அந்த அக்காவ வரச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

"எதுக்கு?" என்றார் கணவர்.

"போன வாட்டி பாத்த வெயிட்டு அவியதானே. ஆள மாத்துனா சரியா தெரியாது."

கணவர் போனை என்னிடம் நீட்டினார்.

"மதினி, செத்த நேரம் வந்துட்டுப் போறியளா?"

"சட்டி தேய்ச்சு வெளுத்துட்டா?"

"சட்டி இல்ல மதினி. லிஃப்டு."

"இந்த வாட்டி கீழ விடாதுல்ல?"

"விடாதாம்."

வருவார் என்று நான் நம்பவில்லை. முக்கால் மணி நேரத்தில் வந்தார், நல்ல சேலை கட்டிக்கொண்டு. யாரும் சொல்லாமலே பலகையில் உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, "ம், தூக்கு" என்றார்.

தூக்கியது. ஓர் ஆட்டம் இல்லை. இன்ஜினை நிறுத்தினார்கள். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். மதினி அப்படியே இருந்தார். மெக்கானிக் முதன்முறையாகச் சிரித்து, "அவுனு" என்றார். அதற்குள் மதினியின் போன் அடித்தது.

"ஆமா, அஞ்சு கிலோதான். நாளைக்கு வாங்க... இல்ல, கடையில இல்ல. டிராக்டர்ல இருக்கேன்."

பத்து நிமிடம் ஆனதும் கணவர் இறக்கப் போனார்.

"இருலே, என்ன அவசரம்?" என்றார் மதினி. காலை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். "அப்பா இத வாங்குன அன்னைக்கு உன்னத்தான் ஏத்துனாரு. பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குன்னு என்னத் தொடவே விடல."

கணவர் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்து, அண்ணாந்து நீட்டினேன். அவர் மேலேயே இருந்து குடித்தார். சட்டியைப் பற்றி அதன் பிறகு கேட்கவே இல்லை.

கலப்பை பட்டறையிலிருந்து திரும்பியதும், மழைக்கு முந்தி உழவை முடித்தோம். வரப்புக்கு வந்ததும் லீவரைத் தள்ளினால் கலப்பை எழுந்து அசையாமல் நின்றது. கணவருக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அதனால் எந்த உழவுச் சாலும் நேராக விழவில்லை. ஐப்பசி மழையில் மக்காச்சோளம் பாம்பு போனது போல வளைந்து வளைந்து முளைத்தது.