முன் சீட்டு வெயில்

ஜீப் ஓட்டும் அந்த அண்ணனின் இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை என்றால் நம்ப முடியாது. ஜன்னலோரம் எந்நேரமும் வெயில் படும் வலது கை கறுத்து வழவழவென்று இருக்கும். நிழலில் கிடக்கும் இடது கையில் தோல் சிவந்து, செதில் செதிலாக உதிரும். தேனியில் ஒரு தோல் மருத்துவமனையின் ஒளி சிகிச்சை அறையில் வேலை பார்க்கிறேன். கம்பத்திலிருந்து அவர் வாரம் இரண்டு முறை வந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெயிலின் வேலையைச் செய்யும் விளக்குப் பெட்டிக்குள் நிற்பார்.

அவருடைய கவலை அரிப்பு அல்ல, முன் சீட்டு. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்வார்களே தவிர, அவருக்கு இடப்பக்கம் உட்கார மாட்டார்கள். இந்தத் தோல் நோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று சொன்னால் யார் காதில் ஏறும்? சிகிச்சையில் கை தெளியத் தெளிய, ஒருநாள் ஓர் அக்கா தானாகவே முன்னால் ஏறிவிட்டாராம். அதைச் சொல்ல வந்த அன்று மனிதருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு கொரோனா வந்தது. பஸ் நின்றது, எங்கள் விளக்கும் அணைந்தது. இனி என்ன செய்வது என்று போனில் கேட்டார். டாக்டரைக் கேட்டு, காலை இளவெயில் கொஞ்ச நேரம் படட்டும் என்றேன். நீண்ட நாள் விட்டுப்போனால் இந்தச் சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அதன்பின் தினமும் வீட்டு வாசலில் நின்ற ஜீப்பின் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாராம். ஓடாத வண்டியில் டிரைவரே பயணியாக இருப்பதைப் பார்த்துத் தெருவே கேலி செய்திருக்கிறது. "இப்ப எல்லாரையும் தள்ளி உக்காரச் சொல்றாக, தங்கச்சி. நமக்குப் பழகுனதுதான்" என்று போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயில் போதவில்லை. செதில் திரும்பிவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும், மலையிலிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போக அவர் ஜீப்பைப் பிடித்தேன். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். முன்னால் ஏறப்போன ஒரு பெண்ணை அவரே தடுத்தார்.

"அங்கன வேணாம் ஆத்தா, வெயிலடிக்கும். பின்னாடி ஏறிக்க."

வெயிலைத் தேடித் தவித்த மனிதர் அதையே சாக்காகச் சொல்கிறார். பிறர் ஒதுக்குமுன் தானே ஒதுங்கிக்கொள்கிறார்.

"எனக்கு வெயில் ஆகும்ணே" என்று முன்னால் ஏறி உட்கார்ந்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கை என்மேல் படாமல் ஒடுங்கியது. பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டி, சட்டையின் இடது கையை முழங்கை வரை சுருட்டிவிட்டார்.

இப்போது முதலிலிருந்து சிகிச்சைக்கு வருகிறார். இடது கை இன்னும் தெளியவில்லை. சட்டைக் கையை மட்டும் அவர் இறக்கிவிடுவதில்லை.