அத்திம்பேரின் இரக்க வார்த்தைகள்

என் அக்கா அனந்தலக்ஷ்மியின் கணவர் வாஞ்சிநாதனைத் தெரியாத தமிழர் அன்றைய கல்கத்தாவில் குறைவு. டல்ஹௌசி ஸ்கொயரில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தார். ஊர் அறிந்தது அதனால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டாக்குரியாவில் நானும் அவர்களோடு இருந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். ஆஸ்பத்திரியில் படுக்கை, பள்ளிக்கூடத்தில் இடம், லீவு நீட்டிப்பு என்று எது கேட்டு வந்தாலும் அத்திம்பேர் இங்கிலீஷில் மனு டைப் அடித்துக் கொடுப்பார். காலணா வாங்கமாட்டார். அக்காதான் காபி போட்டே அலுத்துப்போனாள்.

அவருக்குக் கூலி அந்த வார்த்தைகள்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அலீவியேட், மிட்டிகேட், அஸ்வேஜ், சக்கர். அடுத்தவர் கஷ்டத்தைக் குறைப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. லீவுக்கு வெறும் 'ஹெல்ப்' போதும். வைத்தியம் என்றால் 'ரிலீஃப்'. 'சக்கர்' மட்டும் சாவு விழுந்த வீட்டுக்கென்று பத்திரமாக வைத்திருப்பார். பட்டுப்புடவையை எடுத்து வைக்கிற மாதிரி!

"வெறுமனே கேட்டா எவன் குடுப்பான்? படிக்கறவன் கண்ல ஜலம் வரணும்" என்பார். அதனால் அவருடைய மனுக்களில் எல்லோருக்கும் படுத்த படுக்கையாகத் தாய் தந்தை இருப்பார்கள், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள் இருப்பார்கள். அடித்து முடித்ததும் இங்கிலீஷிலேயே ராகம் போட்டு ஒருதரம் படிப்பார். வந்தவருக்கு ஓர் எழுத்து புரியாது. கைகூப்பிக் கேட்டுக்கொள்வார். தமிழில் சொல்லுங்கள் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் பரமசிவம் வந்தார். கார்டன் ரீச் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகடு தூக்குகிற வேலை. ஒரு தகடு சரிந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. கூட அவர் மனைவி நாகம்மா.

"குனிஞ்சு தூக்க முடியல சாமி. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்றார். "ஸ்டோர்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்குற வேலைக்கு மாத்திவிட்டாப் போதும்."

"கவலைப்படாதீங்கோ. நான் பாத்துக்கறேன்" என்றார் அத்திம்பேர்.

அந்த மனுவைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கும் படித்துக் காட்டினார். நிற்கவோ நடக்கவோ முடியாத முடவன். எந்த வேலைக்கும் லாயக்கற்றுப் பூமிக்குப் பாரமாகக் கிடப்பவன். இவன் சுமையைத் தயைகூர்ந்து அலீவியேட் செய்யவேண்டும். ஸ்டோர் வேலை கடைசி வரியில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

"அவர் நடந்துதானே வந்தார், அத்திம்பேர்?"

"நோக்கு டிராஃப்டிங் தெரியாது, ஷியாமளா. சாதத்தைச் சாப்பிடு."

சில வாரங்களில் ஒர்க்‌ஷாப்பின் லேபர் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு வரும்படி பரமசிவம் கேட்க, அத்திம்பேர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பியவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த வங்காளி ஆபீசர் மரியாதை தெரிந்தவர். இருவரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், ஆகையால் வேலையிலிருந்து விடுவிக்கிறோம், மிகவும் வருந்துகிறோம் என்று ஹிந்தியில் சொன்னார். பரமசிவம் டீயைக் கீழே வைத்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கனத்த மர நாற்காலியைக் குனிந்து பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

"தேக்கோ சாப்" என்று ஆபீசரைப் பார்க்கச் சொன்னார்.

முகமெல்லாம் வேர்த்தது. போதும், இறக்கு என்றார் ஆபீசர். பரமசிவத்தால் இறக்க முடியவில்லை. இடுப்பு வளையாமல் அப்படியே நின்றார். பியூன் ஓடிவந்து நாற்காலியை அவர் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

அது அத்தனையும் நான் எழுதினது, அவர் சொன்னதில்லை என்று அத்திம்பேர் எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார். கையெழுத்து இவருடையதுதானே என்று கேட்டார் ஆபீசர். அதோடு முடிந்தது.

அன்று அத்திம்பேர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. கெட்டவர் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போகலாம். நல்லவரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஜுரம் என்று சொல்லி அக்கா எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். டைப்ரைட்டர்மேல் உறை கிடந்தது. அப்படி ஒரு காலையில்தான் நாகம்மா தனியாக வந்தாள். ஜுரம் என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே உள்ளே வந்து நின்றாள்.

அன்றைக்கு நாற்காலி தூக்கியதிலிருந்து பரமசிவம் எழுந்திருக்கவே இல்லையாம். ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் பாயிலேயே. அத்திம்பேர் எழுதியது அத்தனையும் இப்போது நிஜமாகிவிட்டது.

"காளிகாட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்க ஆள் கேக்குறாங்க. எழுதிக் குடுங்க" என்றாள் நாகம்மா. "ஆனா நான் சொல்றத மட்டும் எழுதுங்க, சாமி."

அத்திம்பேர் உறையை எடுத்தார். "சொல்லுங்கோ."

"என் பேரு நாகம்மா. கை காலு நல்லா இருக்கு. கூட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், தண்ணி தூக்குவேன். வேலை குடுங்க. அவ்வளவுதான்."

அடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அடித்ததை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் படித்துச் சொன்னார். நாகம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரப் பத்தி ஒண்ணும் போடலையே?"

"போடலைம்மா."

"பாவம், எரக்கம் காட்டுங்க, அப்படின்னு?"

"அதுவும் இல்லை."

கைநாட்டு வைக்க மேஜைமேல் இருந்த மை டப்பாவைக் கையில் எடுத்தவள் திரும்பக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

அத்திம்பேர் படித்தார். நடுவில் அவருக்குக் குரல் உடைந்தது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும்வரை நாகம்மா காத்திருந்தாள். கடைசி வார்த்தைவரை கேட்ட பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தாள்.