ஜெர்மானியர் பிரித்துக் காட்டிய கிரேக்கச் சொல்

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊர் நூலகத்தில், சனிக்கிழமை காலைகளில் நாங்கள் ஐந்து தமிழர்கள் கூடித் தத்துவம் படிக்கிறோம். நடத்துபவர் ஓய்வுபெற்ற இதய மருத்துவர். மற்ற நால்வரும் கம்ப்யூட்டர் ஆட்கள். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். யார் எதைச் சரி என்றாலும் நம்பாமல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன வசந்தத்தில் டாக்டர் ஒரு ஜெர்மன் தத்துவவாதியை எடுத்தார். உண்மைக்குப் பழைய கிரேக்கர்களின் சொல் 'அலேதேயா'. பிரித்தால் 'மறைந்திராமை'. ஆகவே அவர்களுக்கு உண்மை என்பது சரியாகச் சொல்வதல்ல, ஒன்று மறைவிலிருந்து வெளியே வருவது. பின்னால் வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்பது அந்த ஜெர்மானியரின் வாதம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உறுத்தியது. ஒரு சொல்லைப் பிரித்து அதிலிருந்து ஒரு நாகரிகத்தையே எடுத்துக் காட்டுகிற வித்தையை நம்மூர் மேடைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸில் ஏதென்ஸ்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். இன்றைக்கும் அதே சொல்தானாம். ஜன்னலை உடைத்தது யார், உண்மையைச் சொல் என்று அம்மா மிரட்டும்போது கேட்ட சொல்தான், அதில் மறைவைப் பற்றி யார் யோசித்தார்கள் என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னேன். டாக்டர் அசரவில்லை.

"சுடுதண்ணின்னு சொல்றீங்களே, தண்ணீர்னாலே குளிர்ந்த நீர்தான்னு அப்போ யோசிக்கிறீங்களா? யோசிக்கலைன்னா அந்த அர்த்தம் இல்லாம போயிடுமா?"

எனக்குச் சந்தேகம்தான் கூடியது. பதில் இவ்வளவு தயாராக இருக்கிறதென்றால், இந்தக் கேள்வியை இவர் முன்பே சந்தித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் ஜெர்மானியரின் கடைசிக்காலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அவரே இறங்கி வந்திருந்தார். ஆதி கிரேக்கர்களும் அந்தச் சொல்லைச் 'சரியான பேச்சு' என்ற பொருளில் வழங்கியவர்கள்தான் என்றும், மறைந்திராமையை உண்மை என்று தான் அழைத்தது பொருத்தமில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து டாக்டர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "படிச்சிருக்கேன்மா."

"அப்போ ஏன் டாக்டர் சொல்லலை?"

"முதல்ல அதோட அழகு உங்களுக்குப் பிடிபடட்டும்னு நினைச்சேன். இதையும் சேர்த்துச் சொன்னா மறுவாரம் யார் வருவீங்க?"

கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும். அந்த வாரங்கள் அழகாகத்தான் இருந்தன.

இப்போதும் போகிறேன். வேறொரு ஜெர்மானியர், கிரேக்க நாடகங்களைப் பற்றி. டாக்டர் உரக்க வாசிக்கும்போது மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அடிக்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.