பதினேழாம் நம்பர் சாவி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆரணியில் இது எல்லாருக்கும் தெரியும். தனகோடி மேல் மட்டும் முழுசாகக் கோபப்பட என்னால் முடிந்ததில்லை. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது ரிட்டயராகி வந்து என் வீட்டு மாடியில் குடியிருக்கிறான்.

அவன் அப்பா பட்டு நெய்தவர். பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தொண்ணூற்று ஒன்றில் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தான். கண்ணுக்குத் தெரியாத துகள்களை வட்டமான குழாய்க்குள் விரட்டி விரட்டி வேகம் ஏற்றுகிற இயந்திரம் அங்கே இருக்கிறது. அதை ஓட்டுகிறவர்களில் இவன் ஒருவன். பெண் பார்க்கப் போன இடத்தில் வெம்பாக்கத்துக்காரர் ஒருவர், மாப்பிள்ளை ஓட்டுவது லாரியா பஸ்ஸா என்று கேட்டார். இந்த மடையன் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னான். காபியும் ஆறியது, சம்பந்தமும் போனது. அதற்கப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அப்பா அம்மா போனபின் ஊருக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் இரண்டே நாள். பீம் ஓடிக்கொண்டிருக்கும், போக வேண்டும் என்பான். துகள் ஓடுவதற்குத்தான் பீம் என்று பெயர்.

அங்கே ஊழியர்களுக்கு வாரா வாரம் ஒரு செய்திமடல் மெயிலில் வரும். பீம் எத்தனை மணி நேரம் ஓடியது, எதனால் நின்றது, யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு ஓய்வு. போன மாதம் அதில் இவன் படம் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதை எனக்கு அனுப்பிவிட்டு, நன்றாயிருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டான். பிரமாதம் என்றேன். ரேஷன் கார்டில் இருக்கிற மூஞ்சி மாதிரிதான் இருந்தது.

அவன் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை, இஸ்திரி போடும் விருத்தாம்பாள் என்னிடம் ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாடிக்காரர் பேன்ட் பாக்கெட்டில் இருந்ததாம். பித்தளை வில்லையில் பதினேழு என்று போட்டிருந்தது. பீரோ சாவி என்று நினைத்து மாடிக்குப் போய் நீட்டினேன். தனகோடி அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். அங்கே இயந்திரம் இருக்கிற சுரங்கத்துக்குள் போகிறவர், வாசல் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் உள்ளே ஆள் இருப்பதாகக் கணக்கு. இயந்திரம் கிளம்பவே கிளம்பாது. ஓய்வு பெறுகிறவரைக் கடைசி நாள் சுரங்கத்தில் தனியாக ஒரு சுற்றுப் போய் வரவிடுவது அவர்கள் பழக்கம். வெள்ளிக்கிழமை இவனும் போனான். வெளியே வந்தால் மாலையும் கையுமாக நிற்கிறார்கள். மாலையைப் போட்டுக்கொண்டவன் சாவியை மாட்டவில்லை. சனிக்கிழமை காலையில் இயந்திரம் கிளம்ப வேண்டும்.

ஒரு தடவை ஒருவர் இதே மாதிரி சாவியோடு சாப்பிடப் போய்விட்டாராம். இவன்தான் அவரை நிற்கவைத்துக் கத்தி, மன்னிப்புக் கடிதம் வாங்கினானாம். முப்பத்துநாலு வருஷத்தில் இவன் பெயரில் ஒரு குற்றம் கிடையாது. அந்த நல்ல பெயர் ஒன்றைத்தான் தான் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். அதுவும் இப்போது போயிற்று.

இதற்கு இத்தனை பேஜாரா என்று எனக்கு எரிச்சல். ஆற்றில் வீசிவிட்டுப் பேசாமல் இரு, யாருக்குத் தெரியும் என்றேன். அவன் என்னை முறைத்தான். ஆனால் அங்கே ஒரு போன் போடவும் இல்லை. வெட்கம். மத்தியானம் என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

"நாலு நாளா மிசினு நின்னுகினு இருக்கும்டா ரத்னம்" என்றான். "அவ்ளோ பெரிய சுரங்கம். மூல மூலையா பூந்து என்னியத் தேடிகினு இருப்பாங்க."

சொல்லும்போது அவன் முகத்தில் கவலை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. ஆமாம், சந்தோஷம். ஊரில் இரண்டு நாளாக இவனை வா என்று கூப்பிட்டவர் யாருமில்லை. தெருவில் போனால் யார் வீட்டு விருந்தாளி என்று கேட்கிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

"தேடறவங்களுக்கு ஒரு போன போடுடா. பாவம் இல்லியா?" என்றேன்.

அது அவனுக்கு உறைத்தது. நாலு மணிக்கு நம்பரைப் போட்டான். எழுந்து நின்றுகொண்டு இந்தியில் பேசினான். தன் பெயரை மூன்று தரம் சொன்னான். மன்னிப்புக் கேட்டது எனக்கே புரிந்தது. அப்புறம் அவர்கள் சொல்வதை வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான், பதில் வந்தது, போனை வைத்தான்.

என்னடா, திட்டினார்களா என்று கேட்டேன். இல்லையாம். இயந்திரம் சனிக்கிழமையே கிளம்பிவிட்டதாம். பதினேழாம் கொக்கி காலி என்றதும் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள். தனகோடி, ஓய்வு பெற்றார் என்று இருந்தது. விதிப்படி சுரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டை மாற்றி, வேறு சாவி மாட்டிவிட்டார்கள். இவனைக் கூப்பிடத் தோன்றவில்லையா என்றால், ஓய்வு பெற்றவர்கள் போன் நம்பர் அன்று சாயங்காலமே பட்டியலிலிருந்து போய்விடுமாம். அந்தச் சாவியை நீங்களே ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான், போனை எடுத்த புதுப் பையன்.

நல்லதுதானேடா, யாருக்கும் நஷ்டமில்லை, உன் பெயரும் கெடவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். கடைசியாக என்ன கேட்டாய் என்றேன்.

"எவ்ளோ நேரம் நின்னுச்சின்னு கேட்டேன். நாப்பது நிமிசமாம்."

நாற்பது நிமிஷம் என்றால் அவர்கள் கணக்கில் ஒன்றுமில்லை, செய்திமடலில்கூட வராது என்று அவனே சொன்னான். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று டீ போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அறுபது வயசு ஆள், வழிகிற கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"சாவியத்தான் தேடியிருக்காங்க ரத்னம்" என்றான். "என்னிய யாரும் தேடல."