சோத்தாங்கையில் முள்கரண்டி

கப்பல்களுக்குச் சமையல் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை, உறைய வைத்த கோழி, சோப்பு, துடைப்பம் என்று கப்பல் சமையல்காரர் கேட்டதையெல்லாம் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் குடோனிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் சேர்ப்பேன். அப்பா தொடங்கிய தொழில்; அவரை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு முட்டி வலி வந்து கப்பல் ஏணி ஏற முடியாமல் போன பிறகு நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

சரக்கை இறக்கிக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கியதும் பெரும்பாலான கப்பல்களில் ஒரு டீ தருவார்கள். குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் ஒரு கப்பலில் மட்டும் அப்படி விடமாட்டார்கள். ஒடிசாப் பக்கமிருந்து அடிக்கடி வந்துபோகும் கப்பல் அது. அதன் கேப்டன் வடநாட்டுக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். சாப்பாட்டு நேரத்தில் கப்பலில் இருக்கும் யாரையும் பசியோடு அனுப்ப மாட்டார். கப்பல் முழுக்கக் கரித்தூள் படிந்திருக்கும். கைப்பிடியைத் தொட்டால் உள்ளங்கை கறுத்துவிடும். ஆனால் அதிகாரிகள் சாப்பிடும் அறைக்குள் நுழைந்தால் மேசைமேல் வெள்ளைத் துணி, மடித்து வைத்த நாப்கின், ஒவ்வொரு தட்டுக்கும் இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி.

முதல்முறை அந்த மேசையில் உட்கார்ந்தபோது கேப்டன் இந்தியில், "எங்கள் கறி ஹலால் இல்லை, உங்களுக்கு ஆகாது, தெரியும். உங்களுக்காக மீன் செய்யச் சொல்லியிருக்கிறேன்" என்றார். பெரிய மீன் துண்டு ஒன்று, கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கு. அவர் முள்கரண்டியை இடது கையில் பிடித்து மீனைக் குத்தி, வலது கைக் கத்தியால் அறுத்து, இடது கையாலேயே வாய்க்குள் வைத்தார். மற்றவர்களும் அப்படியே.

எனக்கு அது முடியவில்லை. சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோவது சோத்தாங்கை. மற்ற வேலைக்குப் பீச்சாங்கை. சின்ன வயதில் இடது கையால் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தால்கூட அத்தா பிடுங்கி வலது கையில் வைப்பார். எங்கள் மார்க்கத்திலும் அதுதான் வழக்கம். அன்றைக்கு நான் ரொம்ப யோசிக்கவும் இல்லை. முள்கரண்டியை வலது கைக்கும் கத்தியை இடது கைக்கும் மாற்றிக்கொண்டேன். வாய்க்குப் போகும் கை சரியாகிவிட்டது. ஆனால் என் இடது கை அதுவரை எதையும் அறுத்ததில்லை. கத்தி மீனை அறுக்காமல் தள்ளியது. தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு துண்டு வெள்ளைத் துணியில் போய் விழுந்தது. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். பரிமாறுகிறவர் வந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டு, விழுந்த இடத்தின்மேல் ஒரு நாப்கினைப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வருகிற வழியில் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஒரு பாத்திரக் கடையில் கத்தியும் முள்கரண்டியும் வாங்கினேன். மறுநாள் காலை தோசையை வைத்து அறுத்துப் பழக ஆரம்பித்தேன். என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ஒரு ஸ்பூனு கேட்டு வாங்கித் துன்ன வேண்டியதுதானே?"

"அத்தினி பேரும் கத்தி வெச்சித் துன்னும்போது நான் மட்டும் கொயந்தை கணக்கா ஸ்பூனு கேட்டா நல்லாவா கீது?"

"தோசை தட்டைத் தாண்டிப் போய்கினு கீதே, அது மட்டும் நல்லா கீதா?"

உள்ளிருந்து வந்த அத்தா சுவரைப் பிடித்து நின்றார். "இன்னாடா இது, ரெண்டு கையிலயும் ஆயுதம்?" என்றார். விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டவர், "வாயிக்குப் போறது சோத்தாங்கைதானே? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் தோசையைப் பிட்டுத் தின்ன உட்கார்ந்தார்.

தோசையில் தொடங்கி ஆம்லெட்டுக்குப் போய், பிறகு கோழித் தொடைக்கு வந்தேன். கொஞ்ச நாளில் இடது கைக்கு அறுக்கும் பக்குவம் வந்துவிட்டது. அந்தக் கப்பலில் அடுத்தடுத்துச் சாப்பிட்டபோது துணியில் எதுவும் விழவில்லை. ஒருமுறை போய் உட்கார்ந்தபோது என் தட்டுக்கு மட்டும் முள்கரண்டி வலப்பக்கமும் கத்தி இடப்பக்கமும் இருந்தன. பரிமாறுகிறவர் பார்த்து வைத்திருக்கிறார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கப்பலுக்குப் புதிதாக ஒரு இரண்டாம் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வயதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. முதல்நாள் எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் என் கைகளைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. அவரும் கத்தியை இடது கையில்தான் வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் நம்ம கைதானா?" என்றார்.

என் வாய் நிறைய மீன். நான் மென்று முடிப்பதற்குள் கேப்டன் குடிதண்ணீர் நிரப்பும் படகைப் பற்றி அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு அங்கே போய்விட்டது. எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அடுத்த தடவை கப்பல் வந்தபோது அவர் ஏணிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். இன்ஜின் அறையில் போடும் பாய்லர் சூட் உடுப்பின் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். சிவப்புப் பிடி போட்ட நல்ல கத்தரிக்கோல்.

"முன்னாடி சிங்கப்பூர் ஓடுன கப்பல்ல இருந்தப்போ வாங்குனது. இடக்கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. எங்கிட்ட ரெண்டு கெடக்கு, ஒண்ணு நீங்க வச்சிக்கிடுங்க. மத்த கத்தரிக்கோல வச்சி ஒரு துணி வெட்ட முடியுமா நம்மளால?"

நான் அப்போதுதான் சமையல்காரரின் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேனா வலது கையில். அவர் அதைக் கவனித்தார்.

"எழுதுறத மட்டும் மாத்திவிட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேசினார். "எனக்கும் அடிதான் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துலகூடப் பரவால்ல. வீட்டுல எங்க அத்தை இருந்தா பாருங்க, சாப்பிட உக்காந்ததும் துண்டு எடுத்து என் இடக்கைய நாற்காலிக் கால்ல கட்டிருவா. சொந்தக்காரங்க வந்தா அவங்க முன்னாலயும் கட்டுவா. வெளிய எங்கயாச்சும் விருந்துக்குக் கூட்டிட்டுப் போனா, சாப்பிடாம வந்துருவேன். பசிக்கலன்னு சொல்லிருவேன். கப்பலுக்கு வந்து கத்தியும் முள்ளும் கையில கெடச்சப்பதான் நாலு பேரோட உக்காந்து நிம்மதியாச் சாப்பிட்டேன்."

இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது. "சார், எனக்கு வலது கைதான்" என்றேன். "முள்கரண்டி பீச்சாங்கையில வெச்சா அதாலதானே துன்னணும்? அது எங்களுக்கு ஆவாது. அதான் மாத்தி வெச்சிக்கிறேன்."

அவர் கத்தரிக்கோலைக் கையில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"எங்க அத்தையும் இதத்தான் சொல்லுவா" என்றார். கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். கத்தரிக்கோலை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி அண்ணாச்சி, வேல கெடக்கு" என்று இன்ஜின் அறைப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

எண்ணூர்ச் சாலையில் அன்றைக்கும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வண்டி நகரவே இல்லை. வேனுக்குள் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடது கை என்பது நான் உபயோகிக்காத கை, அவ்வளவுதான். இன்னொருவனுக்கு அதுதான் கை என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

அதற்கடுத்த முறை அவர் சாதாரணமாகத்தான் பேசினார். கரி இறக்கும் இயந்திரத்தில் ஏதோ பழுதாம். கப்பல் கிளம்பத் தாமதமாகும், ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஓய்வு என்றார். "பூசை பாத்துட்டு அப்படியே ஊர் சுத்தலாம்னு இருக்கேன். ராயபுரத்துல நல்ல பிரியாணி எங்க கெடைக்கும்?"

"எங்க வூட்ல" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. யோசனை எல்லாம் பிறகுதான் வந்தது. எங்கள் வீட்டில் தரையில் சுப்ரா விரித்து, அந்தத் துணியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அத்தாவுக்கு நேர் எதிரில் விருந்தாளியை உட்கார வைப்பதுதான் மரியாதை.

மனைவியிடம் அவருடைய அத்தை கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"வூட்டுக்கு வர்ற மனுசன் எந்தக் கையில துன்னா உங்களுக்கு இன்னா?" என்றாள்.

"எனக்கில்ல. அத்தாவுக்கு."

"மாமாவாண்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போய் கறி வாங்கியாங்க."

அவள் என்ன சொன்னாள், அத்தா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் இன்ஜினியர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பெட்டி மக்ரூன், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்ததாம். உட்கார்ந்ததும் என் மனைவி அவர் தட்டுக்குப் பக்கத்தில் நான் பழகிய அதே கத்தியையும் முள்கரண்டியையும் கொண்டுவந்து வைத்தாள். அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று அவள் செய்த ஏற்பாடு.

"பிரியாணிக்கு இது எதுக்கு மதினி?" என்று அவர் சிரித்தார். அத்தாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வலது கையைச் சோற்றில் வைத்தார்.

அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. விரல்கள் சேரவில்லை. எடுத்த சோற்றில் பாதி சுப்ராவில் விழுந்தது, கொஞ்சம் மடியில் விழுந்தது. கறித் துண்டைப் பிய்க்கப் பார்த்தார். அது தட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் கேப்டனைப் போல எங்கேயாவது திரும்பிக்கொள்ளலாம் என்றால், அந்தச் சின்ன அறையில் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை.

அத்தா தன் சாப்பாட்டை நிறுத்தினார்.

"தம்பி, உனக்கு எந்தக் கை வருமோ அதுல துன்னுப்பா."

"இல்லங்கய்யா, பரவால்ல."

"இன்னா பரவால்ல? பாதி கீய வுயுந்துகினு கீது. சோறு வீணாவுது. போய் அந்தக் கைய கயுவிகினு வா."

அவர் எழுந்து போனார். குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். அவ்வளவு நேரம் ஒருவர் கை கழுவி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை. எலும்பிலிருந்து கறியை அவர் விரல்கள் பிரித்த லாவகத்தைப் பார்த்து என் மனைவி இன்னொரு கரண்டி போட்டாள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கப்பல் இன்ஜின் பற்றி, தூத்துக்குடியில் தன் மகள் படிக்கும் பள்ளிக்கூடம் பற்றி எல்லாம் பேசினார்.

அத்தா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சிரிக்கவும் செய்தார். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைச் சற்றுத் திருப்பி, தன் தட்டையும் என் முகத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தது. இன்ஜினியருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"நல்ல புள்ள" என்றார். "அந்த அத்தைக்காரி அப்டி கட்டிப்போட்டிருக்கக் கூடாது. ஆனா என்னால பாக்க முடியலடா. கண்ணு அங்கயே போவுது, போனா சோறு எறங்க மாட்டேங்குது. எயுவது வருசப் பயக்கம், ஒரு நாள்ல மாறுமா?"

"வுடுங்க அத்தா. இனிமே வெளியவே கூட்டிகினு போய் வாங்கிக் குடுத்துர்றேன்."

"அடச் சீ, வூட்ட வுட்டு வெளிய கூட்டினு போவியா?" கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுத்த தபா பாயா வெக்கச் சொல்லு. ஆட்டுக்கால ரெண்டு கையாலயும் புடிச்சாத்தான் உறிஞ்ச முடியும். எனக்கும் ரெண்டு கை, அவனுக்கும் ரெண்டு கை. யாரும் யாரையும் பாக்க வாணாம்."

மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்படியே செய்தோம். அடுத்த முறை ஆப்பமும் பாயாவும். கொழுப்பு பிசுபிசுக்க எல்லோரும் இரண்டு கைகளாலும் எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அத்தா நேராக உட்கார்ந்து, இன்ஜினியரின் முகத்தைப் பார்த்து, தன் காலத்தில் கயிற்று ஏணியில் முட்டைக் கூடையோடு ஏறிய கதையைச் சொன்னார். இன்ஜினியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே ஆப்பம் தின்றார். அத்தா வழக்கமாகச் சாப்பிடுவதைவிட அன்று அதிகம் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

கப்பல்காரர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள்; திரும்ப எந்தக் கப்பல் கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அவரும் மழைக்காலத்துக்கு முன்னால் போய்விட்டார். போகும்வரை சென்னையில் இறங்க முடிந்தபோதெல்லாம் வந்தார். இப்போது அரபு நாட்டுப் பக்கம் ஓடும் ஒரு கப்பலில் இருக்கிறார். பெருநாளுக்கு ஃபோனில் கூப்பிட்டார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஐயாட்ட குடுங்க" என்றார். அத்தா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டார். எதிர் வீட்டு மாடிக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.